எதிராளிக்குக் கஷாயம்

ஒரு காட்டில் துப்பாக்கி வைத்திருந்த முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. பெயர் முத்திருளாண்டி. முதுகு நிறைய முள்ளை வைத்துக்கொண்டு இவனுக்கு எதற்கய்யா துப்பாக்கி என்று கேட்கிறீர்களா? காடே அதைத்தான் கேட்டது. கேட்டவர்களில் ஒருவர்கூட மரவள்ளி பயிரிட்டவர் இல்லை.

முத்திருளாண்டி ஓடைக்கரையில் மரவள்ளி போட்டிருந்தான். காட்டுப்பன்றிகள் வந்தால் கும்பலாகத்தான் வரும். ஒன்றின் மூக்கில் முள்ளை ஏற்றுவதற்குள் மற்றதெல்லாம் கொல்லையைப் புரட்டிப் போட்டுவிடும். துப்பாக்கி என்றால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான், அத்தனையும் ஓட்டம் பிடிக்கும். லைசென்ஸ் வாங்கின துப்பாக்கிதான், திருட்டுச் சாமான் இல்லை.

ஆனால் அந்தக் காட்டில் ஒரு விதி இருந்தது. தேர்தல் அறிவித்தால் எல்லாத் துப்பாக்கியையும் காவல் சாவடியில் ஒப்படைத்துவிட வேண்டும். நிற்பது சிங்கராஜா ஒருவர், ஜெயிப்பதும் அவர்தான். இருந்தாலும் அமைதியாக ஜெயிக்க வேண்டுமாம்! ஓட்டு எண்ணி, விழா எடுத்து, சாவடிக் கரடி சாவியைத் தேடிப் பிடித்துத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் மரவள்ளி பன்றி வயிற்றில் செரித்திருக்கும். தேர்தல் தேதியை அந்தக் காட்டில் பன்றிகளைப் போல ஆவலாக எதிர்பார்த்தவர்கள் யாருமில்லை.

வயிறெரிந்துபோய்த்தான் முத்திருளாண்டி துப்பாக்கி உரிமைச் சங்கம் தொடங்கினான். ஆரம்பத்தில் என்ன கூட்டம் என்கிறீர்கள்! முயல், கீரி, உடும்பு என்று தோட்டம் வைத்திருந்த அத்தனை பேரும் வந்தார்கள். காரணம் செண்பகவடிவு. அவள் ஒரு புள்ளிமான், துப்பாக்கி ஒழிப்புச் சங்கத் தலைவி. எவனோ குறி தெரியாதவன் சுட்ட ரவை அவள் பின்னங்காலில் இன்னும் இருந்தது. வாரம் தவறாமல் ஆலமரத்தடி மேடையில் ஏறி நின்று, "எல்லாத் துப்பாக்கியையும் ஆற்றில் போடு!" என்று முழங்குவாள். அதைக் கேட்ட ஆத்திரத்தில் எல்லோரும் நேராக முத்திருளாண்டியின் கூட்டத்துக்கு ஓடிவருவார்கள்.

அப்புறம் என்னவோ, அவள் பேச்சு நின்றுபோனது. இவன் கூட்டமும் கரைந்துபோனது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தாமரைப்பூ போட்ட காலை வணக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசிக் கூட்டத்துக்கு ஆமை ஒன்றுதான் வந்தது. அதுவும் போன கூட்டத்துக்குக் கிளம்பி வந்ததாம்.

இந்த நேரம் பார்த்துச் சிங்கராஜாவிடமிருந்து சேதி வந்தது. தேர்தலை அறிவிக்கும் முன் வெள்ளிக்கிழமை மைதானத்துக்கு வருகிறேன், கூட்டம் இருந்தால் கோரிக்கையைக் கேட்பேன், இல்லாவிட்டால் இந்த விதி எந்தக் காலத்திலும் மாறாது என்று. கொல்லையிலோ மரவள்ளி தொடை தொடையாகப் பருத்துக் கிடந்தது. முத்திருளாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

"கூப்பிட்டா ஒருத்தனும் வரமாட்டேங்கிறானே பேச்சி. எனக்கே ஆர்வம் விட்டுப்போச்சு" என்றான் பெண்டாட்டியிடம்.

"வந்தவன் எவனும் உங்க மூஞ்சிக்காக வரலை. அந்த மான் திட்டினா, அந்த ரோஷத்துல வந்தான். அவ காய்ச்சல்ல படுத்துக் கெடக்கா, இவனுங்களும் வீட்ல படுத்துக்கிட்டானுங்க" என்றாள் பேச்சியம்மா.

முத்திருளாண்டிக்குச் சுரீரென்று உறைத்தது. அடுப்பில் நிலவேம்பைப் போட்டுக் கொதிக்கவைத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரியின் புதருக்கே போய்விட்டான்.

செண்பகவடிவு தலையைத் தூக்கிப் பார்த்தாள். "யாரு, முள்ளு அண்ணனா? நான் செத்துட்டேனான்னு பார்க்க வந்தீங்களாக்கும்?"

"வாயைக் கழுவு தாயி! நீ நல்லா இருக்கணும். நீ எந்திரிச்சு நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாத்தான் எங்க ஆளுங்களுக்குச் சூடு சொரணை வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க சங்கம் மட்டும் என்ன வாழுதாம்? உங்க சத்தம் அடங்கினதும் இங்கயும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. நீங்க கொஞ்சம் மிரட்டலாப் பேசக் கூடாதா அண்ணே?"

"பேசிட்டாப் போச்சு. முதல்ல இதைக் குடி."

கசப்பு தாங்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். வேளாவேளைக்குக் கஷாயம் போனது. காய்ச்சல் விட்டது. காலை இழுத்து இழுத்து ஆலமரத்தடிக்குப் போய் மேடை ஏறி நின்றாள் பாருங்கள், காடே கிடுகிடுத்தது! "இந்த முத்திருளாண்டி ஒரு கொலைகாரக் கும்பலின் தலைவன்!" என்று அவள் சொன்னபோது, புதருக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்த முத்திருளாண்டிக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவன் பதிலுக்கு, "மான் தோலை உரிப்போம்!" என்றான். சொல்லும்போது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மிரட்டலாகப் பேசச் சொன்னதே அவளாயிற்றே.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் எள் விழ இடமில்லை. இந்தப் பக்கம் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்த கூட்டம், அந்தப் பக்கம் கொடி பிடித்த கூட்டம். நடுவில் சிங்கராஜா. இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"உங்கள் உணர்ச்சியைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் இவ்வளவு உணர்ச்சியும் இவ்வளவு துப்பாக்கியும் ஒரே இடத்தில் இருந்தால் தேர்தல் எப்படி அமைதியாக நடக்கும்? எல்லாவற்றையும் இப்போதே, இங்கேயே கரடியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். செண்பகவடிவு அம்மா வருத்தப்படக் கூடாது, தேர்தல் முடிந்ததும் எல்லாம் அவரவருக்குத் திருப்பித் தரப்படும்."

இரண்டு பக்கமும் தோற்றது. இரண்டு பக்கமும் "வாழ்க!" என்றது, பழக்கதோஷம்.

முத்திருளாண்டி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். கொல்லை முழுக்கக் குழி. எல்லோரும் மைதானத்தில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பன்றிகள் பட்டப்பகலில் வந்து, நிதானமாகத் தின்றுவிட்டுப் போயிருந்தன. பேச்சியம்மா, அவை பிடுங்கிப்போட்ட தண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கிழங்குகூட மிச்சமில்லை. வருசம் பூராவும் பட்ட பாடு போச்சு" என்று அழுதாள்.

முத்திருளாண்டி குழிகளைப் பார்த்தான். வயிறு எரியத்தான் செய்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகை முள் படாமல் தடவிக்கொடுத்தான். ஆனால் பாவி, முகத்தில் பிரகாசம் மட்டும் குறையவில்லை.

"கூட்டத்தை நீ பார்த்திருக்கணும் பேச்சி" என்றான். பிறகு மெல்ல எழுந்து அடுப்புப் பக்கம் போனான். "அந்தப் பிள்ளை ரொம்ப நேரம் வெயில்ல நின்னுச்சு. அந்தக் கஷாயச் சட்டியை எங்க வச்சே?"

நீதி: கொள்கைப் பிடிப்பு தளர்கிறதா? எதிராளியின் உடம்பைக் கவனித்துக்கொள். கிழங்கு அடுத்த வருஷமும் விளையும், நல்ல எதிரி கிடைப்பது கஷ்டம்.