மேனேஜருக்குப் பசியில்லை

மேனேஜர் இன்றைக்கும் சாப்பிடவில்லை.

கண்ணாடித் தொட்டிக்குள் போட்ட வெட்டுக்கிளி அதன் தலைமேலேயே ஏறிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஒரு வாய் சாப்பிடுப்பா. என் மானத்தைக் காப்பாத்து."

மேனேஜர் என்பது பல்லி. முழ நீளம், கழுத்தைச் சுற்றித் தாடி மாதிரி முள், பார்வைக்கு ஓணானுக்குப் பெரியப்பா. கப்பலில் வேலை பார்க்கும் மச்சினனின் செல்லம். திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போயிருந்தான். போகிற போக்கில் தன் அக்காவிடம், "மாமாவை நம்பி ஒரு பூந்தொட்டியக்கூட விட முடியாது. என்ன பண்றது, வேற ஆள் இல்ல" என்று இவர் காதுபடவே சொன்னான். அன்றிலிருந்து சலூன்காரருக்கு ஒரே லட்சியம்: பல்லியைக் கொழுகொழுவென்று திருப்பிக் கொடுத்து மச்சினன் வாயை அடைப்பது.

வீட்டில் இருந்தவரை நன்றாகத்தான் சாப்பிட்டது. ஒரு வெட்டுக்கிளி தப்பித்து மாவுப் பாத்திரத்தில் விழுந்ததும், மனைவி பல்லியையும் கணவரையும் சேர்த்தே கடைக்குத் துரத்திவிட்டாள். கடைக்குள் நுழைந்த நாள் முதல் உண்ணாவிரதம்.

வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குளிர்கிறதோ என்னவோ என்றார் ஒருவர். சலூன்காரர் விளக்கைப் பக்கத்தில் வைத்தார். முதலில் அதற்கு ஷேவ் பண்ணுங்கள், வாயே தெரியவில்லை என்றார் இன்னொருவர். லாரி டிரைவர் மட்டும் உருக்கமாகப் பேசினார்.

"ஒத்தையா கெடக்குல்ல, ஏக்கம். ஒரு துணை வேணும்."

துணைக்கு எங்கே போவது? சலூன்காரர் தொட்டியைத் தூக்கி முகக்கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். உள்ளே இன்னொரு பல்லி தெரிந்தது. மேனேஜரின் உடம்பு உப்பியது. தாடி கறுத்தது. வெட்கப்படுகிறது என்றார் டிரைவர்.

வெட்கம் தெளிந்த பிறகும் சாப்பிடவில்லை. ஒரு துணை போதாது போலும். பின்னந்தலையைக் காட்டுவதற்காக எதிர்ச்சுவரில் மாட்டிய கண்ணாடிக்கும் முகக்கண்ணாடிக்கும் நடுவே தொட்டியை நகர்த்தினார். இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பல்லிக்குப் பின்னால் பல்லி, டிக்கெட் கவுன்டர் வரிசை மாதிரி. மேனேஜர் ஒடுங்கிக் கண்ணை மூடிக்கொண்டது.

மச்சினனிடமிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் வருகிறானாம்.

பதறிப்போன சலூன்காரர், இடுக்கியில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து ஊட்டப் போனார். அது துள்ளி, நாற்காலியில் பாதி ஷேவிங்கில் இருந்த வங்கி கிளார்க்கின் கன்னத்து நுரையில் இறங்கியது. அவர் கழுத்துத் துணியைப் பிடுங்கி வீசிவிட்டு, ஒரு பக்க நுரையோடு தெருவில் ஓடினார். வீசிய துணி முகக்கண்ணாடிமேல் போய் மாட்டிக்கொண்டது.

'மொறுக்' என்று ஒரு சத்தம்.

சலூன்காரர் திரும்பினார். மேனேஜர் வாயிலிருந்து வெட்டுக்கிளியின் கால் ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

துணியை விலக்கினார், தாடி கறுத்தது. மூடினார்; வெளுத்தது. இத்தனை நாளும் துணை என்று நினைத்து ஒரு எதிரிப் படையையே கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்.

உடனே கடையிலுள்ள கண்ணாடி அத்தனைக்கும் துண்டு போர்த்தினார். கூட்டம் குறையுமென்று பயந்தார். நடந்ததோ வேறு. வந்தவர்கள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். இங்கே ஏற்றம், அங்கே இறக்கம் என்று வழக்கமாக நடக்கும் பஞ்சாயத்து ஒன்றுமில்லை. பெஞ்சில் இடமில்லாமல் வாசலில் நின்றார்கள்.

மச்சினன் வந்தபோது மேனேஜர் வயிறு தரையைத் தொட்டது. அவன் குனிந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அன்னைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் மாமா. என்னைவிட நல்லா வளர்த்திருக்கீங்க."

அவன் தொட்டியோடு போனதும், சலூன்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு முகக்கண்ணாடியின் துண்டை எடுக்கக் கை நீட்டினார். அன்று ஓடிப்போன அதே வங்கி கிளார்க், நாற்காலியில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர், அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

"அப்படியே இருக்கட்டும் விடுங்க. இங்க கண்ணாடியைப் பாத்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு எனக்கும்தான் சாப்பாடு இறங்கறதில்ல."