முதற்பலனாக ஒரு பானை சூப்

லீக்ஸ் வெங்காயப் பாத்தியில் ஒரு மஞ்சள் பூ பூத்திருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு அதைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது.

"மஞ்சளா?" பக்கத்து வீட்டு நர்ஸம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "லீக்ஸ் மஞ்சளா பூக்காதேண்ணே!"

சுற்றிக்கொண்டு வந்து ஒரு தண்டைப் பிடுங்கி மோந்தாள். "வெங்காய வாசமே இல்லையே. உங்களுக்குத் தெரியலையா?"

"ஒரு வாரமா ஜலதோஷம்மா. இப்போதைக்கு மூக்கு கண்ணாடி மாட்டத்தான்."

"இது உங்க வீட்டு அக்கா ஓரமா நட்ட பூக்கிழங்கு. இலை அதே மாதிரிதான் இருக்கும். லீக்ஸ் அதோ, அந்தப் பாத்தியில நிக்குது. நல்லவேளை, இதைச் சமைச்சுத் தொலைக்கல. விஷம்ணே. குடலே வெளிய வந்துடும்."

அவர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

சமைத்தாகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் சபைச் சாப்பாட்டுக்கு ஒரு பானை சூப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். ருசிகூடப் பார்க்கவில்லை. முதற்பலன் ஆண்டவருக்கு, தோட்டக்காரன் நாக்கு அப்புறம்தான் என்பது அவர் மனைவியின் சட்டம். தண்டுக்கு மண் அணைப்பதும் அவள் வழிதான். "புதைச்சாத்தாங்க வெளுக்கும். ஆண்டவரும் நம்மள அப்படித்தான் வளர்க்கறாரு" என்பாள். அவளை அடக்கம் செய்த வாரமே அவர் மண்வெட்டியை எடுத்துவிட்டார். ஒவ்வொரு தண்டுக்கும் ஜெபம் சொல்லி மண் அணைத்தார். விஷமும் நன்றாகவே வெளுத்திருந்தது.

செருப்பில்லாமல் ஓடினார். அவளை அடக்கம் செய்துவைத்தவர் பாஸ்டர். பாஸ்டரை யார் அடக்கம் செய்துவைப்பது?

ஆலயத்துச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"ஐயா, சூப்ல உப்புப் போட மறந்துட்டேன். பானையைக் குடுங்க, போட்டுட்டு வந்துடறேன்."

"பானை காலி, பிரதர்!" என்றார் பாஸ்டர். "வானத்து மன்னாதான் போங்க!"

"எல்லாரும் குடிச்சாச்சா?"

"நான் ரெண்டு தடவை வாங்கினேன்" என்றாள் பாஸ்டரம்மா. பாட்டுக்குழுவின் கனத்த குரல்காரர் வயிற்றைத் தடவிக்காட்டினார்.

கடிகாரக்காரர் தண்ணீர்க் குடத்தை இழுத்தார். வாந்தி எடுக்க வைத்தால் பிழைப்பார்கள். அதில் உப்பை அள்ளிக் கொட்டினார்.

"அப்ப உப்பைத் தனியா குடிச்சிடுங்க. எனக்காக."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவியை இழந்த மனிதர். கேட்கும்போது எப்படி மறுப்பது? பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். கனத்த குரல்காரர் ஜன்னலுக்கு ஓடி, வெளியே தலையை நீட்டி, ஆலயமே அதிரும்படி வாந்தி எடுத்தார்.

விஷம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது!

"மன்னிச்சிடுங்க!" கடிகாரக்காரர் முழங்காலில் விழுந்தார். "அது லீக்ஸ் இல்ல, விஷக்கிழங்கு! உங்க எல்லாரையும் நான் கொன்னுட்டேன்!"

பாஸ்டர் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். "லேசா... வலிக்கற மாதிரிதான் இருக்கு."

"எனக்கும்" என்றாள் பாஸ்டரம்மா. ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் வலது பக்கம், சிலர் இடது பக்கம்.

கடிகாரக்காரர் வாய்விட்டு அழுதார். "ஆண்டவரே, என்னை எடுத்துக்கோ!"

அவர் பின்னாலேயே ஓடிவந்த நர்ஸம்மா மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள். "உப்புத்தண்ணி குடுத்த புத்திசாலி யாரு? தள்ளுங்க!" ஒவ்வொருவராக நாடி பிடித்தாள், நாக்கைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"பாஸ்டரய்யா, எவ்வளவு குடிச்சீங்க?"

பாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"உசுரு விஷயம்! ஆம்புலன்ஸைக் கூப்பிடவா வேண்டாமா?"

பின்பக்கம் பானை கழுவிக்கொண்டிருந்த அம்மாள்தான் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கூப்பிட வேணாம்மா, சூப்பு முழுக்க வாசல் பூச்செடிக்குத்தான் போச்சு, இந்த ஐயாவோட வீட்டம்மா ஆஸ்பத்திரியில கிடக்கறப்பவே எங்க எல்லாரையும் கூப்பிட்டு, 'எனக்கப்புறம் இவரு எதையாவது விளைய வெச்சு சமைச்சுக் கொண்டு வருவாரு, மனசு நோகாம நல்லாருக்குன்னு சொல்லுங்க, ஆனா உங்க பிள்ளைகுட்டி மேல ஆணை, ஒருத்தரும் வாயில வெச்சுடாதீங்க'ன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடினாங்க."