பின்கதவுச் சாவி

திறப்புவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் பிரதம விருந்தினரான அரச அதிகாரிக்கு இடமாற்றம் வந்துவிட்டது. அவருடைய பெயரோ ஏற்கெனவே கருங்கல்லில் ஏறியிருந்தது.

கிளிநொச்சியில் அந்தக் கல்லூரி, புதிதாகத் தொழில்நுட்பக் கொம்பனி தொடங்குகிறவர்களுக்கு மேசையும் இணையமும் ஆலோசனையும் கொடுத்து வளர்த்துவிட ஒரு மண்டபம் கட்டியிருந்தது. முகாமையாளர் குகதாசன். உள்ளே பொலித்தீன் கழற்றாத இருபது கதிரைகள். வாசலில் சிவப்பு நாடா. அது வெட்டுப்படும்வரை ஒரு பூனைகூட உள்ளே போகக்கூடாது என்பது கல்லூரி அதிபர் கதிர்காமநாதனின் கட்டளை.

"எனக்கு ஒரு மேசை காணும் சேர்," என்றாள் கஜனி.

கண்டாவளைப் பெண். வாய்க்காலில் தண்ணீர் திறந்ததும் கமக்காரரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றைச் செய்திருந்தாள். மண்டபத்துக்குத் தெரிவான முதல் கொம்பனி அவளுடையது. கொம்பனியில் ஆளும் அவள் ஒருத்திதான்.

"ஒரு கிழமை பொறும் பிள்ளை. இப்ப உள்ள விட்டால் அதிபர் என்னை உயிரோட விடமாட்டார். அதுவரைக்கும் முன்னால நிஸார்ட கடையில இருந்து ஒரு தேத்தண்ணி குடியும்."

புதிய அதிகாரியின் பெயரோடு புதிய கல் வந்து இறங்கியபோது மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யார் கட்டடம் திறப்பார்கள்? தைக்குத் தள்ளினார்கள். அதற்குள் பழைய அதிகாரியின் காதுக்குச் செய்தி எட்டிவிட்டது.

"அடிக்கல் நாட்டினது நான் எல்லோ!" என்று தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்.

ஒரே கல்லில் இரண்டு பெயரையும் போடலாம் என்றார் குகதாசன். யாருடைய பெயர் மேலே என்ற வழக்கில் தை முடிந்தது.

"வாசலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கல் வைப்பம் சேர். ஒரே உயரத்தில."

"இப்பதான் நீர் முகாமையாளர்," என்றார் அதிபர்.

மேசன் இரண்டாவது கல்லுக்குச் சுவரைத் துளைத்தபோது இணைய வயர் அறுந்தது. திருத்த வந்தவர்கள் நாடாவைப் பார்த்தார்கள்.

"திறக்காத கட்டடத்துக்குள்ள எப்பிடிப் போறது? திறந்தாப்பிறகு சொல்லுங்கோ, வாறம்."

தலையிடி வந்த போதெல்லாம் குகதாசன் நிஸாரின் கடைக்குப் போய்ப் புலம்பினார்.

"பின்னுக்குப் போய்க் கொஞ்சம் காத்தாட இருக்கட்டே, நிஸார்?"

"பின்னுக்கு ஆக்கள் சேர். முன்னுக்கே இருங்கோ."

கஜனி இன்னும் இரண்டு தடவை வந்து கேட்டாள். தைக்குப் பிறகு வரவில்லை. கொழும்பில் ஏதாவது வேலைக்குப் போயிருப்பாள் என்று குகதாசன் நினைத்துக்கொண்டார். மண்டபத்துக்கு ஒரு பின்கதவும் இருந்தது. அதில் எந்த நாடாவும் கட்டியிருக்கவில்லை. சாவி இவ்வளவு காலமும் அவருடைய சட்டைப்பையில்தான் கிடந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுக்கத் தனக்குத் துணிவில்லாமல் போனதே என்று வெட்கப்பட்டார்.

பங்குனியில் ஒரு நல்ல நேரம் பார்த்து விழா நடந்தது. நிறைகுடம், இரண்டு கல், இரண்டு பொன்னாடை, இரண்டு கத்தரிக்கோல். அதிகாரிகள் இருவரும் ஒரே சமயத்தில் வெட்ட, நடுத்துண்டு நாடா அதிபரின் காலடியில் விழுந்தது.

புதியவர் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்: "கட்டடம் நல்லாயிருக்கு. கொம்பனியள் எங்க?"

அதிபர் குகதாசனைப் பார்த்தார்.

"தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கினம் சேர்," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, குகதாசன் ரோட்டைத் தாண்டி ஓடினார்.

"நிஸார், மானம் போகுது! பின்னுக்கு இருக்கிற ஆக்களில நாலு பேரை ஒருக்கா அனுப்பும். கொம்பனிக்காரர் மாதிரிக் கதிரையில இருந்தால் காணும்."

நிஸார் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அவையள் வரமாட்டினம் சேர், வேலை கிடக்கு. நீங்கள் சும்மா கிடக்கிற கதிரையில ஏழு தாங்கோ. கஜனிப் பிள்ளையின்ரயோட சேத்து மூண்டு கொம்பனி, நாலு மாசமா என்ர பின்னறையில மா மூட்டையிலதான் இருக்குது."