ஒருமுறை அழுத்தினால் போதும்

மனிதகுலம் இதுவரை கண்ட மாபெரும் சீர்திருத்தங்கள் என்று எண்ணத் தொடங்கினால் சக்கரத்தைச் சொல்லலாம், எழுத்தைச் சொல்லலாம். அதற்குப் பிறகு நேராகப் பியானோக் கட்டைக்கு வந்துவிட வேண்டியதுதான். நடுவில் நடந்ததெல்லாம் சில்லறை விவகாரம். இப்படிச் சொன்னவர் வேறு யாருமல்ல, பியானோத் தொழிற்சாலையின் ‘கட்டைச் சீர்திருத்தத் துறை’த் தலைவரேதான். அந்தத் துறையைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் இதை மறுக்க ஆளில்லை. துறையில் அவரைத் தவிர வேறு யாருமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

தலைவர் இதற்கு முன் தராசு செய்யும் கம்பெனியில் இருந்தவர். தராசிலும் ஒரு கட்டை ஏறி இறங்குகிறது, பியானோவிலும் கட்டைகள் ஏறி இறங்குகின்றன, ஆகவே இவர் ‘துறை அனுபவம்’ உள்ளவர் என்று முதலாளி ஒரே மூச்சில் முடிவு செய்து சேர்த்துக்கொண்டார். தொழிலாளர்கள் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர் வைத்தார்கள். தன் நடுநிலையைப் பாராட்டித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை. எதிராளியின் மனம் நோகும்படி எதையும் சொல்கிற கெட்ட வழக்கம் அந்தத் தொழிற்சாலையில் கிடையாது.

பழைய முறையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அதன் அநாகரிகம் புரியாது. கட்டை என்பது வெளியே பல்வரிசை மாதிரித் தெரிகிற துண்டு மட்டுமல்ல. அது உள்ளே முழங்கை நீளத்துக்கு ஓடுகிற மரம். நடுவில் ஓர் ஆணியின் மேல், பூங்காவில் குழந்தைகள் ஆடுகிற சீசா பலகை போல உட்கார்ந்திருக்கும். முன்னால் அழுத்தினால் பின்பக்கம் எழும்பி ஒரு குட்டிச் சுத்தியலைத் தட்டிவிடும். சுத்தியல் போய்க் கம்பியில் அடிக்கும், சத்தம் வரும். விரலை எடுத்ததும் பின்பக்கத்துக் கனத்தில் கட்டை தானாகத் திரும்பி எழுந்து நிற்கும், அடுத்த அடி வாங்கத் தயாராக. இதைச் சரிப்படுத்த மேஸ்திரி ஆணியில் மெல்லிய காகித வளையங்களைக் கோப்பார், கழற்றுவார். மரத்தில் ஓட்டை போட்டு ஈயத்துண்டை அடைப்பார், மறுபடி பிடுங்குவார். கடைசியில் சோதனைப் பிரிவைக் கூப்பிடுவார்.

சோதனைப் பிரிவு என்பது ஒரு நாற்காலி, அதில் ஓர் அம்மா. அவர் உட்கார்ந்து ஏதாவது வாசிப்பார். “கனமா இருக்கு” என்பார். அல்லது, “இந்தக் கட்டை எழுந்துக்க சோம்பல்படுது” என்பார். எல்லாம் பிடித்துப்போனால் “போகலாம்” என்பார். அவர் ‘போகலாம்’ என்று சொல்லாமல் எந்தப் பியானோவும் லாரி ஏறியதில்லை. வாங்குகிறவர்களும் விலையைக் கேட்பதற்கு முன்னால், “அந்தம்மா வாசிச்சுப் பாத்தாங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

அந்தம்மா தலைவரின் மனைவி. தலைவருக்கு இங்கே வேலை கிடைத்ததே முதலாளியிடம் அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். இந்த உதவியைத் தலைவர் பெருந்தன்மையோடு மறந்துவிட்டிருந்தார். வேலையில் சொந்தபந்தம் குறுக்கே வரக்கூடாது என்பதால், தொழிற்சாலைக் கேட்டுக்கு வெளியே ‘என்னங்க’, கேட்டுக்கு உள்ளே ‘சார்’, ‘மேடம்’ என்று இருவருக்கும் ஒரு ஒப்பந்தம்.

சேர்ந்த அன்றே தலைவர் ஒரு பியானோவைத் திறந்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கட்டையின் மேல் வைத்துப் பார்த்தார். கட்டைகள் ஒன்று பாக்கியில்லாமல் பின்பக்கம் சாய்ந்து கிடந்தன. தராசு கம்பெனியில் இப்படி ஒரு சரக்கு கண்ணில் பட்டால் மொத்தத்தையும் உடைத்துப் போட்டிருப்பார்கள். மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

“இது எத்தனை காலமா இப்படிச் சாஞ்சு கிடக்கு?”

“ஆரம்பத்துல இருந்தே இப்படித்தாங்க சார்.”

“யாரும் கேக்கலையா?”

“கேக்கலாங்களா சார்?” என்றார் மேஸ்திரி.

அன்றிலிருந்து தலைவர் ஊண் உறக்கம் மறந்தார். ஆணியை எடுத்துவிட்டுத் தராசில் இருப்பது போலவே கூரான எஃகு முனையின் மேல் கட்டையை உட்கார வைத்தார். காகித வளையங்களுக்குப் பதில் ஒரு திருகாணி. ஈயத்துண்டுகளுக்குப் பதில் ஒரு கம்பியில் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடை. உள்ளதைச் சொல்ல வேண்டும், இதுவரை நல்ல வேலைதான். அரை நாள் பிடித்த வேலை திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது. மேஸ்திரிகூட மனதாரச் சந்தோஷப்பட்டார். தலைவர் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் மகான்கள் பாதியில் நிறுத்துவதில்லை. எடையை நகர்த்தி நகர்த்தி, முன்பக்கமும் பின்பக்கமும் துல்லியமாகச் சமமாகும்வரை அவர் ஓயவில்லை. ரசமட்டத்தின் குமிழ் நடுவில் வந்து நின்றபோது அவர் கண் கலங்கிவிட்டது.

சோதனைப் பிரிவு அழைக்கப்பட்டது. அம்மா ஒரு கட்டையை அழுத்தினார். வெண்ணெயில் விரலை வைத்த மாதிரி இறங்கியது. கணீரென்று நாதம். அவர் முகமே மலர்ந்துவிட்டது. மறுபடி அழுத்தப் போனார். அழுத்த ஒன்றும் இல்லை. இறங்கிய கட்டை இறங்கிய இடத்திலேயே சமர்த்தாக இருந்தது.

“சார், கட்டை எழுந்துக்கல.”

“எதுக்கு எழுந்துக்கணும் மேடம்?”

“மறுபடி அடிக்கணுமே.”

“இப்பதானே அடிச்சீங்க?”

‘சோதனை வெற்றி’ என்று தலைவர் குறித்துக்கொண்டார். உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது. கட்டை எழாமல் இருப்பது ‘குறை’ அல்ல, ‘நிலைத்த தன்மை’ என்று ஏகமனதாக முடிவாயிற்று. தேவைப்படுகிறவர்கள் வலது கையால் அழுத்தி இடது கையால் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், இதனால் இரு கைகளுக்கும் சம வேலை கிடைக்கும் என்று விற்பனைப் பிரிவு கண்டுபிடித்தது. ‘ஒருமுறை அழுத்தினால் போதும்’ என்ற விளம்பர வாசகத்தை முதலாளியே தம் வாயால் அருளினார். இசைப்பள்ளி முதல்வர் ஒருவரை வரவழைத்து அறிமுக விழா வைப்பது, அதில் அம்மா வாசித்து எல்லார் முன்னாலும் ‘போகலாம்’ சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

விழாவுக்கு முந்தைய நாள் சாயங்காலம் வீட்டில் அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தலைவர் தாமாகவே வந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் துண்டு மடித்ததில்லை. அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சொல்லுங்க.”

தலைவர் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். இனி ரசமட்டமே சோதனையைச் செய்துவிடும், நாற்காலி எதற்கு என்று முதலாளி யோசிக்கிறாராம். நாளைக்கு அம்மா மட்டும் ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டால் நாற்காலியைக் காப்பாற்றுவது தம் பொறுப்பாம். ஒரு வார்த்தைதானே என்றார்.

“அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் ஜனங்க வாங்குறாங்க. வாசிக்க முடியாத பியானோவுக்கு அதை எப்படிங்க சொல்றது?”

“வாசிக்க முடியாதுன்னு யார் சொன்னா? ஒரு தடவ வாசிக்கலாமே.”

அம்மா சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தார். தொழிற்சாலையின் அந்த நாற்காலி அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தலைவருக்குத் தெரியும். அதில் உட்காராத நாளில் அவர் வீட்டில் மேசை விளிம்பில் விரல்களைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

“சரி, ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு நான் உள்ளதச் சொல்லி, அவங்க நாற்காலியத் தூக்கச் சொன்னா, நீங்க என் பக்கம் பேசுவீங்களா?”

“இதென்ன கேள்வி? எழுந்து நின்னு பேசுவேன்” என்றார் தலைவர். சொன்னபோது அவர் அதை முழுமனதாகத்தான் சொன்னார்.

விழா நாளில் கூட்ட அறை நிரம்பியிருந்தது. முதலாளி நடுவில், பக்கத்தில் இசைப்பள்ளி முதல்வர், சுற்றிலும் துறைத் தலைவர்கள், சுவரோரம் மேஸ்திரி. அம்மா தன் நாற்காலியைப் பியானோ முன் போட்டு, வழக்கம்போல மெத்தைத் துணியை விரித்து உட்கார்ந்தார். வாசிக்கத் தொடங்கினார்.

தேவகானம் என்றால் அதுதான். ஒவ்வொரு கட்டையும் பூப்போல இறங்கி, ஒரு சத்தம் கொடுத்து, அங்கேயே ஓய்வெடுத்தது. பாட்டு போகப் போக வரிசையில் பள்ளம் விழுந்துகொண்டே வந்தது. அம்மா மிச்சம் இருக்கிற கட்டைகளைத் தேடிப் பிடித்து வாசித்தார். அந்தப் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓரத்துக் கட்டைகள்கூடத் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டுப் படுத்தன. கடைசியாக வலது ஓரத்தில் ஒரு கீச்சுச் சத்தம். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

“முடிஞ்சிருச்சாம்மா?” என்றார் முதலாளி.

“பாட்டு பாதியிலதாங்க இருக்கு. கட்டை தீந்துபோச்சு.”

முதலாளிதான் முதலில் கைதட்டினார். கச்சேரி என்றால் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தே பழகிய மனிதர் அவர். தானாக முடிந்துவிடும் பியானோவை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இசைப்பள்ளி முதல்வரும் எழுந்து நின்று கைதட்டினார். பிள்ளைகள் வீட்டில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து உயிரை எடுக்கிறார்கள் என்று புகார் சொல்கிற பெற்றோருக்கு இது வரப்பிரசாதம் என்றார். மொத்தப் பள்ளிக்கும் இதுவே வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

“அப்புறம் என்னம்மா? போகலாமா?” என்று முதலாளி கேட்டார்.

“போகக் கூடாதுங்க. ஒரு தடவ பேசிட்டு வாய மூடிக்கிறது பியானோ இல்லீங்க.”

முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ளவர். ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டார். விற்பனைப் பிரிவு, “நல்லாத்தாங்க இருக்கு” என்று தலையசைத்தது. கணக்குப் பிரிவு அதையே சொல்லித் தலையசைத்தது. மேஸ்திரி தன் முறை வருவதற்கு முன்பே தலையசைத்துவிட்டார். கடைசியாக முதலாளி தலைவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. இனிமே இந்த நாற்காலியத் தூக்கிடலாமா?”

அம்மா தலைவரைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. ஒரு கட்டையை அழுத்திவிட்டு அது எழுகிறதா என்று பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார்.

தலைவரின் இடது கை நாற்காலிப் பிடியை ஒருமுறை இறுக்கியது. எழப்போகிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர் நினைத்துக் காலை ஒதுக்கிக்கொண்டார். பிறகு தலைவரின் தலை மெல்ல இறங்கியது. என்ன ஒரு இறக்கம்! இழுப்பு இல்லை, உரசல் இல்லை, கனம் என்பதே இல்லை. இறங்கிய தலை இறங்கிய இடத்திலேயே நின்றது. நிலைத்த தன்மைக்கு அதைவிடச் சிறந்த செயல்விளக்கம் அந்த விழாவில் நடக்கவில்லை.

அம்மா பியானோவின் மூடியைச் சாத்தினார். மெத்தைத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வெளியே போனார். அறையில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லாருமே ஏற்கெனவே தலையசைத்து முடித்திருந்தார்கள்.

தலைவர் வீட்டுக்கு வந்தபோது அம்மா முன்னறையில் இருந்த பழைய பியானோவில் உட்கார்ந்து அதே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். காகித வளையமும் ஈயத்துண்டும் வைத்த, பின்பக்கம் சாய்ந்த, சீர்திருத்தம் படாத பியானோ. கட்டைகள் அடி வாங்கி வாங்கி எழுந்துகொண்டிருந்தன. மெத்தைத் துணி வீட்டு நாற்காலிக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பாட்டு முடியும்வரை தலைவர் கதவருகிலேயே நின்றார்.

“கட்டைய அப்படிப் பண்ணிட்டேன்னு கோவமா?”

“கட்டை எழுந்துக்கலன்னு எனக்கு வருத்தமில்லைங்க. திருகாணிய ரெண்டு சுத்து சுத்தினா அது எழுந்துக்கும்” என்றார் அம்மா. “நீங்க எழுந்துக்கலையே.”

தலைவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அதற்குள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்.

இப்போது ‘போகலாம்’ என்று யாரும் சொல்லாமலேயே புதுப் பியானோக்கள் லாரி லாரியாகப் போகின்றன. தலைவருக்குப் பெரிய அறை, சுழல் நாற்காலி எல்லாம் வந்துவிட்டது. புதிய முறையை மதிக்கும் விதமாக, அந்த விளம்பர வாசகத்தை வில்லையாக அடித்து எல்லா ஊழியர்களும் சட்டையில் குத்திக்கொள்ளும்படி முதலாளி கொடுத்திருக்கிறார். ‘ஒருமுறை அழுத்தினால் போதும்.’ பியானோவைப் பற்றி ஒன்றும் தெரியாத வெளியாட்கள்கூட அதைப் படித்துவிட்டு, ஆளை ஏற இறங்கப் பார்த்து, சரியாகத்தான் போட்டிருக்கிறது என்பதுபோல் நகர்ந்துவிடுகிறார்கள். தலைவருக்கு மட்டும் பதவிக்கு ஏற்றபடி கொஞ்சம் பெரிய வில்லை.