பீரங்கிக்குக் காது கேட்ட நாள்

பாறைக்கு வெடி வைத்தால் சல்யூட் அடிக்கும் மனிதரை நீலகிரி முழுக்கத் தேடினாலும் ஒருவரைத்தான் பார்க்க முடியும். மஞ்சூர் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது அவர் பக்கத்து வீட்டுக்காரர். ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து காதைத் தொலைத்தவர். அவர் பேசினால் எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஊருக்கு அவர் பீரங்கி.

எங்கள் வீடுகளுக்கு மேலே கல் குவாரி. வெடித்தால் பாத்திரங்கள் ஆடும். என் கைக்குழந்தை மூச்சடைக்க அலறுவாள். தொட்டிலை எந்தச் சுவரோரம் கட்டினால் ஆபத்தில்லை என்று தினமும் இடம் மாற்றுவேன். மாற்றிய இடமும் தப்போ என்று தோன்றும். பீரங்கியோ, காலடியில் அதிர்வு தெரிந்ததும் வாசலில் விறைத்து நின்று சல்யூட் அடிப்பார்.

“பயப்படாதீங்க அம்மிணி! அங்க டமார்னா இங்க வைத்தியம்!”

குவாரி வரியில் ஒரு பங்கு முன்னாள் ராணுவத்தினரின் சிகிச்சைக்கு என்று திட்டம் வந்திருந்தது. அதில் அவருக்கு முதலில் கிடைத்தது காது மிஷின். அடுத்து முழங்கால் ஆபரேஷன் என்றார்கள்.

மிஷின் மாட்டிய அன்று டீக்கடைக்காரர், “ஏனுங்க, இனியாச்சும் மெதுவாப் பேசுவீங்களா?” என்றார்.

“எதுக்குக் கத்தறீங்க?” என்று பீரங்கி கத்தினார்.

மதியம் வெடித்தது. சல்யூட்டுக்கு எழுந்த கை காதைப் பொத்தியது. நொண்டிக்கொண்டே என் வாசலுக்கு வந்தார்.

“யாருங்க இப்படி அழுவறது?”

“பாப்பாதானுங்க.”

“எப்பவுமா?”

“ஒவ்வொரு வெடிக்குமுங்க.”

முதல்முறையாக அவர் குரல் இறங்கியது. “எனக்குத் தெரியலீங்களே அம்மிணி.”

குவாரியை எங்கள் பக்கமாக இன்னும் நீட்டுவதற்குக் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. ஆதரித்துப் பேச குவாரிக்காரர்கள் அழைத்து வந்த முன்னாள் ராணுவத்தினரில் அவரும் ஒருவர். மைக் தேவைப்படவில்லை.

“காது நீங்க குடுத்ததுங்க. அதுல கேட்டதைத்தான் சொல்றேன். அந்தக் கொழந்தை தலைக்கு மேல வெடி வேண்டாமுங்க!”

“யோவ் பீரங்கி, நம்ம ஆளுக மேலயே சுடறியே!” என்று கூட வந்தவர்கள் ஏசினார்கள்.

நீட்டிப்பு நின்றது. அதில் வரவேண்டிய வரிப் பணம் வராமல் முழங்கால் ஆபரேஷனும் தள்ளிப்போனது. அன்று வாசலில் அவரிடம் நான் வாயைத் திறந்திருக்கக்கூடாதோ என்று இன்னும் குழம்புகிறேன்.

இப்போது குன்னூரில் இருக்கிறோம். மழை வலுத்து, அந்தப் பக்கம் மண் சரிந்தது என்று செய்தி வந்தால், அந்த முழங்காலோடு அவர் எப்படி ஓடுவார் என்றுதான் முதலில் நினைக்கிறேன். போனை எடுத்து அவர் ஒரு அதட்டல் போடும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.