லொள்ளு பாயை உள்ளே வைத்துப் பூட்டிய நாள்

நாய் கேட்டு வருகிறவரிடம், "நாய் உன்னக் கேக்கலியே" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற நாய் வியாபாரி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். ஆம்பூரில் அவரை லொள்ளு பாய் என்றால்தான் தெரியும். அவர் ஒரு தடவை குரைத்தால் மூன்று தெரு நாய்கள் பதில் சொல்லும். நாலாவது தெரு ஏன் இன்னும் பேசவில்லை என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

முப்பது வருடம் டேனரியில் தோல் தரம் பிரித்தவர். தடவிப் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்வாராம். "செத்ததத் தொட்டது போதும் தம்பி. இனிமே உசுரோட இருக்கிறதத் தொடலாம்னு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே என் முழங்கையை லேசாகத் தடவினார். என் வயது அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும்.

நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் என் மகள். மாதனூர் பக்கம், ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி எங்களுக்கு வாடகை வீடு. நானும் என் மனைவி செல்வியும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. காலை ஏழுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப மாலை ஆறரை. ஆறாவது படிக்கும் யாழினி நாலு மணிக்கு வந்து தனியாக இருப்பாள். ஒரு நாள் சொன்னாள்:

"ப்பா, நான் வர்றதுக்கு முன்னாடி யாரோ நம்ம வீட்ல இருந்துட்டுப் போறாங்க. உன் சேர் சூடா இருக்குது."

வீட்டில் ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. ஆனால் காலையில் நானே போட்ட பின்கதவுத் தாழ்ப்பாள், மாலையில் திறந்திருந்தது. மறுநாளும் அப்படியே. செல்வி வேலையை விட லெட்டரே எழுதிவிட்டாள். அதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டுத்தான் பாயிடம் போனேன்.

"ஜாதிக் குட்டியா ஒண்ணு வேணும் பாய்."

"பகல்ல வூட்ல யாரு இருப்பீங்க?"

"யாரும் இல்ல."

"பொழுதன்னைக்கும் ஒரு நாய்க் கொழந்தயப் பூட்டி வெக்கிறதுக்கு நீ இன்னா ஜெயிலரா?" என்று என்மேல் விழுந்தார். "குட்டி வாணாம். ஜாஸ்தி ஓடுற நாயும் வாணாம், ஒரே பேஜாரு. நிம்மதியாத் தூங்குற வயசான நாய்தான் உனுக்கு சரி. ஆனா நீ இல்லாதப்ப உன் வூடு எப்டி இருக்குதுன்னு நான் பாக்கணும். என்ன உள்ள வெச்சுப் பூட்டு."

"இருக்கிற பயம் போதாதா? இவர வேற உள்ள வெச்சுப் பூட்டணுமா?" என்றாள் செல்வி. ஆனாலும் பூட்டினோம். யாழினியைத் தோழி வீட்டுக்கு அனுப்பினோம். செல்வி அன்று கம்பெனியில் இரண்டு இடது கால் ஷூக்களை ஜோடி சேர்த்துப் பெட்டியில் போட்டாளாம்.

மாலை கதவைத் திறந்தோம். காலையில் உட்கார்ந்த அதே மூலையில், அதே சம்மணத்தில், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் சேரில், மூக்கோரம் நரைத்த ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவா வாங்க, தூங்குது" என்றார். "பன்னண்டே காலுக்கு பின்கதவு தாப்பா தொறந்துச்சு. இது வந்து படுத்துச்சு. பாப்பா வர்ற சத்தம் கேட்டா தெனமும் எறங்கிப் போயிடும் போல. இன்னிக்கு பாப்பா வரல, அசந்துடுச்சு."

எனக்கு உயிர் வந்தது. "அட, நாயா தாழ்ப்பாளத் தொறந்துச்சு?"

"தாப்பா உள்பக்கம், உன் தல ஒசரத்துல கீது. நாய் வெளிய இருந்துச்சு. அது எப்டி தொறக்கும்?"

"அப்ப யாரு பாய்?"

"நான் கண்ண மூடினு கேட்டுனுதான் இருந்தேன். நடக்கிற சத்தம் கேட்டுச்சு. இது வால ஆட்டுற சத்தமும் கேட்டுச்சு. வால ஆட்டுற மாதிரி ஆளுதான். உனுக்கு இன்னா பயம்?"

செல்வி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

பிறகு வீட்டுக்காரரை விசாரித்தோம். எங்களுக்கு முன் அங்கே தனியாகக் குடியிருந்த ஒரு வாத்தியார் வளர்த்த நாயாம். அவர் அந்த வீட்டிலேயே இறந்துபோனாராம். வேறு வீடு பார்க்கலாம் என்றேன். யாழினி மறுத்துவிட்டாள். அவள் அதற்குள் நாய்க்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தாள். பகலெல்லாம் சேரில் தூங்குகிறதே! செல்வி லெட்டரைக் கிழித்துப் போட்டாள்.

லீவு நாட்களில் சில மத்தியானங்களில் மேனேஜர் திடீரென்று எழுந்து, பின்கதவைப் பார்த்து வாலை ஆட்டும். நான் உறைந்துபோவேன். யாழினி வீட்டுப் பாடத்திலிருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டாள். "வால ஆட்டுதுப்பா. ஒண்ணும் இல்ல."

பாய் ஒரு சாவி வாங்கி வைத்துக்கொண்டார். வாரம் இரண்டு பகல் வந்து, உண்ணி எடுத்து, தண்ணீர் மாற்றி வைத்துவிட்டு, நாங்கள் வருவதற்குள் போய்விடுவார். போன வருடம் ஒரு வாரம் உண்ணி அப்படியே இருந்தது. விசாரித்தால், ராணிப்பேட்டையில் மகள் வீட்டில் இறந்துவிட்டாராம். நாங்கள் போவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

"உங்க வூட்டப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு," என்றார் அவர் மகள். "எங்க வாப்பா உங்களுக்கு ரொம்ப தோஸ்த்தா?"

ஆமாம் என்றோம். பஸ்ஸில் யோசித்துப் பார்த்தால், அவரை நேரில் பார்த்ததே மூன்று நான்கு முறைதான். அவர் வந்த அத்தனை பகல்களிலும் நாங்கள் வேலையில் இருந்தோம். ஒரே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, உள்ளேயிருந்து கதவைத் திறந்து, "வாங்க பாய், டீ சாப்பிடலாம்" என்று சொல்லியிருக்கலாம்.