பீடத்தில் ஒரு மண்கட்டி

டெட்டா கத்தியை எடுத்துக் கன்றுத்தோல் பட்டயத்தில் எழுதியதை இரண்டாவது முறையாகச் சுரண்டி அழித்தாள். இன்னொரு முறை சுரண்டினால் தோல் ஓட்டையாகிவிடும்.

ராணிக்குக் கால் முன்னே வந்த பிள்ளையை உயிரோடு எடுத்துக் கொடுத்த துறவி அவள். கியோல்மர் மன்னன் அன்றைக்கே அழுதுகொண்டு சொல்லிவிட்டான்: ஆற்றிலிருந்து காடுவரை உங்கள் மடத்துக்கு. ஒழுகும் கொட்டகையில் பதினோரு பெண்கள் கிடக்கிறார்கள். குளிருக்கு முன் வீடு கட்டியாக வேண்டும். மன்னனின் நன்றியில் பொய்யில்லை. கூட இருந்த ஆண்கள்தான் கோளாறு. எல்லோரும் அவன் மாளிகையிலேயே தின்று படுப்பவர்கள்.

காட்டில் என் பன்றிகள் மேய வேண்டும் என்றான் மன்னனின் மைத்துனன். சுரண்டினாள். மேட்டு வயல் என் பங்கு என்றான் தம்பி ஹுன்வால்ட். சுரண்டினாள். மிஞ்சியது ஆற்றோரம் ஒரு துண்டு.

“ஒரு ஆடு படுத்தா வால் வெளிய கெடக்கும்,” என்றாள் டெட்டா.

மன்னன் தலையைத் தொங்கப்போட்டான். “என்னம்மா செய்ய? இந்த ஊர்ல என் பேச்சைக் கேக்குறது என் நாய் மட்டும்தான்.”

“அப்ப அதையே சாட்சி போடச் சொல்லுங்க.”

அவனுக்கு மனசு கேட்கவில்லை. சுரண்டிய இடத்திலெல்லாம் சாபத்தையாவது நிறைய எழுதச் சொன்னான். திருப்பிக் கேட்பவன், அது தன் மகனே ஆனாலும், நரகத்தில் வேகட்டும் என்று எழுதினாள். அவள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள். எழுத்து இதற்காவது உதவியது. அந்தச் சேற்றுக்கு யார் வரப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் பட்டயத்தில் சாட்சியாகச் சிலுவைக் குறி போட்டார்கள்.

கொடுத்த நிலத்து மண்ணைத் தேவாலயப் பீடத்தில் வைத்தால்தான் தானம் செல்லும். பன்றி மேய்க்கும் டுன்னாவை அனுப்பினார்கள். முன்பு அவளுடைய உடைந்த கையை டெட்டாதான் கட்டிக் குணமாக்கியிருந்தாள். போன வேகத்தில் புல்லோடு ஒரு கட்டி கொண்டுவந்தாள்.

சடங்கை நடத்த வந்த ஆயர் அதன்மேல் கை வைத்தார். இந்த மண் எங்கே வெட்டப்பட்டதோ, அந்த இடம் முழுவதும் இனி மடத்துக்கே என்றார். ஆமென் என்றார்கள். ஹுன்வால்டின் குரல்தான் உரக்கக் கேட்டது.

புல்லில் ஒரு கோழியிறகு ஒட்டியிருந்தது. ஆற்றோரத்தில் ஏது கோழி என்று டெட்டா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆத்துக்குப் போய் அதுக்குள்ள வந்துட்டியா?” என்றான் ஹுன்வால்ட்.

“அந்தத் துண்டு தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கு, சாமி,” என்றாள் டுன்னா. “அதான் உங்க மாளிகை முத்தத்துலயே வெட்டிட்டு வந்தேன்.”